தொந்தி விழுந்த கூடுகள்

துலோன்,
12 ஜனவரி 1986

அன்புள்ள மாப்பிள்ளை லூசியனுக்கு,

ரேமண்ட் எழுதுவது. நானும் மகள் இசபெலும் நல்லபடி இருக்கிறோம். என் தங்கை மர்கரீத்தின் முழங்கால் எப்படி? போன் பண்ணக் கூடாதா என்று அவள் முறைப்பாள். பட்டாளத்தில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே கிடந்த காது இது. போனில் நீங்கள் பேசுவது கஞ்சி கொதிக்கிற மாதிரிக் கேட்கிறது. எனக்குக் கடிதம்தான் சரி.

ஒரு காரியமாக எழுதுகிறேன். இசபெல் செப்டம்பரில் போலீஸ் வேலைக்குக் கொன்கூர் பரீட்சை எழுதுகிறாள். ஜூன் மாதக் கடைசியில் பிராந்தியத் துப்பாக்கிப் போட்டி. கையில் ஒரு மெடலோடு போனால் கேள்வி கேட்கிறவர்களின் முகமே மாறும் என்கிறார் எங்கள் கிளப் தலைவர். அதற்கு அவள் வாராவாரம் சுட்டுப் பழக வேண்டும். புதுத் தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகாது. சுட்ட வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி, புது மருந்தும் புதுக் குண்டும் வைத்து நானே நிரப்பிக் கொடுக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், என் பிஸ்தோலுக்கும் என் வயதுதான். தோட்டா உட்காருகிற அறை தளர்ந்துவிட்டது. சுட்டு வெளியே விழுகிற கூடு அடிப்பக்கம் தொந்தி வைத்துக்கொண்டு விழுகிறது. கூட்டை அளவுக்கு அமுக்குகிற சாதாரண அச்சு அந்தத் தொந்தி வரைக்கும் இறங்காது, மேலேயே நின்றுவிடும். அதைச் சரிசெய்கிற கருவி கடையில் இருக்கிறது. விலையைப் பார்த்துக் காட்டலாக் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

உண்மையில் வேண்டியது ஓர் இரும்பு வளையம், அவ்வளவுதான். கெட்டியான எஃகு, சரியான அளவில் துளை. கூட்டை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் வரை முழுசாகத் தள்ளினால் தொந்தி அமுங்கிவிடும். கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து லா ஷப்பேல் வரைக்கும் உனக்குத் தெரியாத ஆள் கிடையாது. யாராவது மலிவாகக் கடைந்து தருவார்களா? அளவைத் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன்.

உன் மச்சான்,
ரேமண்ட்


பாரிஸ், லா ஷப்பேல்,
23 பெப்ரவரி 1986

பிரியமுள்ள மச்சானுக்கு,

மளிகைக் கடைக்குள்ளேயே கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் பனியைத் திட்டு. மர்கரீத்துக்கு முழங்கால் தேவலை, வாய்தான் இன்னும் வலிக்கவில்லை.

உன் வளையம் தயார். திரான்சியில் நீக்கிலாஸ் என்று ஒரு மன்னார்ப் பையன், பட்டறையில் கடைசல் வேலை. சீட்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது துவக்குச் சாமானோ? பொலிஸ் வந்தால் நீங்கள் பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரன், உங்களுக்குக் கோப்பி குடுப்பாங்கள். எனக்கு இஞ்சை இருக்கிறதுக்குக் கார்த்தே இன்னும் வரேல்லை" என்றான். "டேய், இது வெறும் வளையம்டா, உன் பெண்டாட்டி விரலுக்குப் போடலாம்" என்றேன். "அவளின்ரை விரல் இதுக்குள்ளை போகாது அண்ணை" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கடைந்து கொடுத்துவிட்டான்.

வளையம் கிடைத்தது, தள்ளுவதற்கு யந்திரம்? சேந்த்-உவான் பழம்பொருள் சந்தையில் ஒயின் சீசாவுக்குக் கார்க் அடிக்கிற கைப்பிடி மெஷின் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. கடைக்காரக் கிழவியிடம் பேரம் பேசி வாங்கி, கார்க் வைக்கிற இடத்தில் வளையத்தை மாட்டினேன். நீ சொன்ன கருவியின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. மாதிரிக்கு ஒரு பிடி கூடுகளைத் தள்ளி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சில கூடுகள் ரொம்ப முரண்டு பிடிக்கின்றன. அரியரத்தினமும் நானும் சேர்ந்து தொங்கினால்தான் கைப்பிடி இறங்குகிறது. அரியரத்தினம் கடையில் மூட்டை இறக்குகிற யாழ்ப்பாணத்தான்.

மச்சான், எனக்கு ஒன்று தோன்றுகிறது. கார்ஜ் லே கொனெஸ் பக்கம் ஒரு துப்பாக்கிக் கிளப்பில் இந்த மாதிரித் தொந்திக் கூடுகளைச் சாக்குச் சாக்காக எடைக்குப் போடுகிறார்கள். உன்னைப் போல நிரப்புகிற ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? யோசித்துச் சொல்.

லூசியன்


துலோன்,
16 மார்ச் 1986

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கூடுகள் வந்தன. அளந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. கார்க் மெஷின் கதையை இசபெலுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மாமா ஒரு நாள் ஈஃபெல் கோபுரத்தையும் எடைக்கு எடுத்துவிடுவார்" என்று பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்குத் தமிழ் காதில்தான் ஏறும், நாக்கில் இறங்காது.

கிளப்பில் இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள். நீ விற்கலாம். ஆனால் மூன்று விஷயம் கவனம். எண்ணெய் லேசாகத் தடவித் தள்ளு. அடியில் கோடு மாதிரி விரிசல் தெரிந்தால் எறிந்துவிடு. கைப்பிடி முரண்டு பிடிக்கிற கூட்டோடு மல்லுக்கட்டாதே, அது அளவுக்கு மீறி ஊதிப்போனது. அதையும் எறி. பித்தளை மலிவு. பிஸ்தோலைப் பிடிக்கிற கை என் மகளுடையது.

உன்,
ரேமண்ட்


லா ஷப்பேல்,
4 மே 1986

மச்சான்,

சாமான் அனுப்பிவிட்டேன், தனிப் பெட்டியில் வரும். உனக்கும் உன் இரண்டு கூட்டாளிகளுக்கும் கோடை முழுக்கப் போதும். கார்ஜ்காரர்களிடம் இரண்டு சாக்கு எடுத்தேன்.

முரண்டு பிடித்ததை எறி என்றாய். எறிந்திருந்தால் சாக்கில் பாதி குப்பைக்குப் போயிருக்கும். காசு போட்டு வாங்கியதை எறிய எனக்குக் கை வராது, அது உனக்கே தெரியும். ஒரு வழி கண்டுபிடித்தேன். இப்போது எல்லாமே வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன, அரியரத்தினம் ஒற்றைக் கையால் தள்ளுகிறான். புதுச்சேரியில் பெரிய கடை மார்க்கெட் பக்கத்தில் பழைய பாத்திரம் வாங்கி விற்றுத்தான் நான் தலையெடுத்தேன். நசுங்கின பித்தளைக் குடத்தை நிமிர்த்திப் புதுசென்று விற்ற கை இது. பித்தளையின் குணம் எனக்குத் தெரியாதா?

கடைசியில் புளி கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவினோம். பெட்டியைத் திறந்து பார், கோயில் விளக்கு மாதிரி இருக்கும். சாமான் பளபளத்தால்தான் வாங்குகிறவன் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டான்.

மர்கரீத் என்னோடு பேசுவதில்லை. அடுப்புக்கான பியுத்தான் காஸ் உருளை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதாம், நாலு மாடி ஏற்றிக் கொண்டுவர ஆள் இல்லையாம். உன் தங்கைக்குப் புலம்ப ஏதாவது ஒன்று வேண்டும்.

இசபெலை முத்தமிட்டதாகச் சொல்.

லூசியன்


துலோன்,
8 ஜூன் 1986

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெட்டி வந்தது. பார்த்துக் கிளப்பே அசந்துபோயிற்று. கர்த்தருக்குத் தோத்திரம், இசபெல் கடைசிப் பயிற்சியில் நடுவட்டத்தை விட்டு வெளியே போகவே இல்லை. தோட்டாவை முகர்ந்து பார்த்துவிட்டு "ரசம் வாசனை வருகிறது பப்பா" என்று பிரெஞ்சில் சொல்கிறாள். உருளை விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். சின்ன வயதில் விறகு தீர்ந்ததற்கும் அவள் இப்படித்தான் வீட்டை இரண்டாக்குவாள்.

நீ ஒன்று சொல்லவில்லையே. முரண்டு பிடித்த கூட்டை அந்த ஓட்டை கார்க் மெஷினில் எப்படி வழுக்க வைத்தாய்? நானும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

போட்டி இருபத்தொன்பதாம் தேதி. நீங்கள் இரண்டு பேரும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரேமண்ட்


லா ஷப்பேல்,
15 ஜூன் 1986

மச்சான்,

நன்றாகக் கேட்டாய்! இன்றைக்கு உனக்குச் சொன்னால் நாளைக்கு நீயே துலோனில் கடை போடுவாய். ஓட்டலில் சாப்பிடுகிறவன் அடுப்படியை எட்டிப் பார்க்கக் கூடாது. ருசி சரியா இல்லையா, அதை மட்டும் சொல்.

மர்கரீத் இசபெலுக்காக மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறாள். மெடலோடு ஒரு போட்டோ அனுப்பு. கல்லாவுக்கு மேலே மாட்டி, "எங்கள் பெண், வருங்காலப் போலீஸ்" என்று எழுதிப்போடுகிறேன். பிறகு எந்த இன்ஸ்பெக்டர் கடைக்குள் வருகிறான் பார்ப்போம்.

லூசியன்


துலோன்,
6 ஜூலை 1986

லூசியன்,

மர்கரீத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வாசி.

போட்டியில் இசபெலின் கையில் பிஸ்தோல் வெடித்துவிட்டது. கூடு அடியில் கிழிந்து, வெடி கீழ்ப்பக்கமாகப் பாய்ந்திருக்கிறது. கைப்பிடி சில்லுச் சில்லாகி உள்ளங்கையில் ஏறிவிட்டது. இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். உயிருக்குப் பயமில்லை. வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் இனி மடங்காது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்காட்டி விரலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாதாம். கொன்கூருக்கு முன்னால் கையைப் பரிசோதிப்பார்கள். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அதனால் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிகிறது.

கிளப்பில் விசாரணை. கிழிந்த கூடு துண்டு துண்டாகிவிட்டது. மீதித் தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்தார்கள், மருந்து சரியாகவே இருந்தது. அதனால் அந்த ஒன்றில் மட்டும் நான் இரண்டு தடவை மருந்து போட்டிருப்பேன் என்கிறார்கள். ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் மூடுவேன். ஆனாலும் எப்படிச் சத்தியம் பண்ணுவேன்? அன்றைக்கு நிரப்பிக்கொண்டிருந்தபோது தபால்காரன் மணியடித்தான். எழுந்து போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். எங்கே விட்டேனோ அங்கேயே தொடங்கினேனா? ஞாபகம் இல்லை. ஞாபகப்படுத்தப் படுத்த ஞாபகம் இல்லாமல் போகிறது.

உன்னை ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கூடுகளை வளையத்தில் தள்ளியதைத் தவிர வேறு ஏதாவது செய்தாயா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை எழுது. நீ எதை எழுதினாலும் நம்புவேன்.

ரேமண்ட்


லா ஷப்பேல்,
10 ஜூலை 1986

என் அருமை மச்சான்,

மர்கரீத் மூன்று நாளாக அடுப்பு மூட்டவில்லை. நாளைக் காலை ரயிலில் அவளை அனுப்புகிறேன். பிள்ளை எழுந்து நடமாடுகிற வரை அங்கேயே இருக்கட்டும். கடையை நானும் அரியரத்தினமும் பார்த்துக்கொள்கிறோம்.

நீ கேட்டதற்கு: இல்லை. வளையத்தில் தள்ளினேன், புளியில் கழுவினேன், அவ்வளவுதான். புளிக்கு வெடிக்கிற பழக்கம் கிடையாது.

மச்சான், உன்னிடம் மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. வயது யாரை விட்டது? போன வாரம் நானே ஒருத்திக்கு இரண்டு தடவை சில்லறை கொடுத்தேன், அவள் நல்லவள், திருப்பிக் கொடுத்தாள். தபால்காரன் மணியடித்தான், எழுந்து போனாய், நடந்தது அதுதான். உன்மேல் யாரும் கோபப்படப்போவதில்லை. நீ அவளுடைய தகப்பன். தகப்பன் வேண்டுமென்றா செய்வான்? அதை ஒப்புக்கொண்டால் உன் மனசும் இறங்கும், விசாரணையும் முடியும்.

இன்னொன்று. கிளப்பில் கூடு எங்கே வாங்கியது என்று கேட்டால் பழைய இருப்பு என்று சொல். கடைப் பெயர் ஒரு தாளில் ஏறிவிட்டால் பிரெபெக்தூர் ஆபீஸில் விசாரணைக்கு என்னை உட்காரவைத்துவிடுவார்கள். மர்கரீத்தும் அந்தக் கடையை நம்பித்தான் இருக்கிறாள், நினைவில் வை.

உன் துக்கத்தில் பங்குகொள்ளும்,
லூசியன்


துலோன்,
17 ஆகஸ்ட் 1986

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் வார்த்தை போதும். தவறு என்னுடையதென்று கிளப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிஸ்தோலையும் உறுப்பினர் அட்டையையும் அவர்கள் கேட்பதற்கு முன் நானே மேசைமேல் வைத்தேன். உன் பெயர் எங்கும் வரவில்லை.

மர்கரீத் வந்ததில்தான் வீட்டில் மூச்சு இருக்கிறது. இசபெல் இடது கையால் எழுதப் பழகுகிறாள். கொன்கூர்க் காகிதங்களை அவளே மடித்து இழுப்பறையின் அடியில் வைத்துவிட்டாள். என்னிடம் ஒரு கடுஞ்சொல் இல்லை. கட்டு மாற்றும்போது மட்டும் அத்தையைக் கூப்பிடுகிறாள். நானும் அறையை விட்டு வெளியே வந்துவிடுகிறேன். என் கை அவள் கைமேல் படுவதற்கு எனக்கே கூசுகிறது.

உன்,
ரேமண்ட்


லா ஷப்பேல்,
31 ஆகஸ்ட் 1986

மச்சான்,

படித்துக் கண் கலங்கினேன். நீ பெரிய மனுஷன், அதனால்தான் ஒப்புக்கொண்டாய். இனி அதையே நினைத்துக்கொண்டிராதே. இசபெல் கெட்டிக்காரி, எழுத்து வேலைக்கு ஆயிரம் கதவு இருக்கிறது. கை தேறியதும் இங்கே அனுப்பு, நம் கடைக் கணக்கையே பார்க்கட்டும்.

இங்கே வேலை சுமாராக ஓடுகிறது. அரியரத்தினம் சமைக்கிறான். எல்லாக் கறிக்கும் ஒரே தூள், ஒரே காரம். "அண்ணை, அக்கா எப்ப வாறா?" என்று என்னைவிட அவன்தான் அதிகம் கேட்கிறான். மர்கரீத்தை அடுத்த மாதக் கடைசிக்குள் அனுப்பி வை.

அந்தக் கூட்டு வியாபாரத்தையே விட்டுவிட்டேன். மீதி இருந்ததைப் பழைய பித்தளையாக எடைக்குப் போட்டுவிட்டேன். கார்க் மெஷினும் போயிற்று. கண்ணில் படாமல் இருப்பதே நல்லது.

லூசியன்


துலோன்,
21 செப்டம்பர் 1986

திரு. லூசியன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தேன். மீதிக் கூடுகளை எடைக்குப் போட்டதாக எழுதிய வரியில் நின்றுவிட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து உங்களைத் தெரியும். உடைந்த சீசாவைக்கூட நஷ்டத்துக்கு விற்காதவர். கோயில் விளக்கு மாதிரி மின்னிய சாமானைக் குப்பை விலைக்குக் கொடுத்தீர்கள் என்றால், அது யார் கண்ணிலும் படக் கூடாது என்பதுதான் காரணம்.

நீங்கள் மாதிரிக்கு அனுப்பியதில் ஒரு கூடு என் இழுப்பறையில் இருந்தது. அதன் அடிப்பாகத்தைக் குறட்டில் பிடித்து அமுக்கினேன். அசையவில்லை. பெட்டியில் வந்ததில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து அமுக்கினேன். ஈயம் மாதிரி நசுங்கிற்று.

மர்கரீத் மேசைக்கு அந்தப் பக்கம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இது ஏன் இப்படி மெத்தென்றிருக்கிறது என்று நான் எனக்குள்தான் கேட்டேன். அவள் தலை நிமிராமலே பதில் சொன்னாள்: "நெருப்புல போட்டா மெத்துன்னுதானே ஆகும்? வாணலி நெறையக் கொட்டி செவக்கச் செவக்க வறுத்தாருண்ணே. அப்பத்தான் மெஷின்ல எறங்குதாம். குடம் நிமித்துற மாதிரியாம். உருளை ரெண்டே நாள்ல தீர்ந்துபோவும். எல்லாம் நீலமும் ஊதாவுமா நெறம் மாறிக் கெடக்கும், அப்புறம் புளியப் போட்டுத் தேய்ப்பாங்க." சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கத்தியை எடுக்கவில்லை.

குடம் தண்ணீரைத் தாங்கினால் போதும். கூட்டின் அடி வெடியைத் தாங்க வேண்டும். அதைக் கெட்டியாக அடித்துச் செய்வதே அதற்காகத்தான். நெருப்பில் காட்டினால் அந்தக் கெட்டி போய்விடும். துப்பாக்கி பிடித்த யாரும் அதைச் செய்ய மாட்டார்கள், ஆகவே செய்யாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நீலம் ஏறியிருந்தால் பார்த்ததும் எறிந்திருப்பேன். புளி அதையும் கழுவிவிட்டது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாமல் செய்ததை நான் மன்னித்திருப்பேன். ஜூலையில் ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். விபத்து தெரிந்த பிறகும் நீங்கள் எழுதிய வார்த்தை "இல்லை". தபால்காரன் மணியடித்ததை நான்தான் உங்களுக்குச் சொன்னேன். அதையே எடுத்து என் தலையில் கட்டினீர்கள். இரண்டு மாதம் என் மகளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளப்பில் அந்த இருவரிடமும் உங்கள் கூடுகள் இன்னும் இருந்தன என்பதைக்கூட நீங்கள் நினைக்கவில்லை. அவற்றை நேற்று நானே வாங்கி நசுக்கிவிட்டேன்.

முன்பு கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயரும் கடை முகவரியும் அதில் இருக்கின்றன. மர்கரீத் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். போடச் சொல்லி நான் கேட்கவில்லை, பேனாவை அவளே வாங்கிக்கொண்டாள்.

இசபெலுக்கும் சொன்னோம். இடது கையில் பிடித்திருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு தமிழில், தட்டித் தடவி, "அப்போ நீ இல்லையா பப்பா?" என்று கேட்டாள். இன்று காலை கட்டு மாற்ற என்னைக் கூப்பிட்டாள்.

மர்கரீத்தின் குளிர்கால உடுப்புகளையும் மருந்துச் சீட்டையும் அரியரத்தினம் மூலம் ரயிலில் போட்டுவிடுங்கள். உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவளைக் கேட்டேன். காஸ் உருளை இந்நேரம் தீர்ந்திருக்கும், அதை இனி நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
சவரிநாதன் ரேமண்ட்
ஓய்வுபெற்ற அட்ஜுதான், பிரெஞ்சு ராணுவம்